கோர்ட்டுக்குப் போகாத வக்கீல்கள்

“எந்தக் கோர்ட்டுலடே நிக்க?” என்று பெரியப்பா கேட்டபோது நான் வழக்குரைஞராகி ஆறு ஆண்டுகள் முடிந்திருந்தன. பாளையங்கோட்டையில் நாற்பது ஆண்டுகள் சிவில் வழக்குகள் நடத்தியவர் அவர். பாகப்பிரிவினை, நடைபாதைப் பாத்தியதை, கிரய ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பத்திரம் எழுதித் தர மறுத்தவர்கள் மேல் போட்ட வழக்குகள் என்று கேஸ் கட்டுகள் அவருடைய அறையில் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும். நான் சிங்கப்பூரில் ஒரு பன்னாட்டுச் சட்ட நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன் என்பதும் சம்பளம் மோசமில்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அந்த ஆறு ஆண்டுகளில் ஒரு நீதிபதி முன்னால் ஒரு நாள்கூட எழுந்து நின்றதில்லை என்று சொன்னதும், தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, “பொறவு வக்கீல்னு எதுக்குச் சொல்லிக்கிடுத?” என்றார்.

அன்று நான் சிரித்து மழுப்பிவிட்டேன். சென்ற மாதம் அவருடைய பேத்தி, சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி, தொலைபேசியில் அதே கேள்வியை வேறு உருவத்தில் கேட்டாள். “சித்தப்பா, இன்டர்நேஷனல் ஃபர்ம்ல சேர்ந்தா எந்த ஏரியா எடுக்குறது நல்லது?” அவளுக்கு எழுதத் தொடங்கிய மின்னஞ்சல் நீண்டுகொண்டே போனதால் அதை இங்கே பதிவாகவே போட்டுவிடுகிறேன்.

இத்தகைய நிறுவனங்களுக்குள் இருக்கும் பிரிவுகளைப் புரிந்துகொள்ள, அவை எந்தத் தேவையிலிருந்து வளர்ந்தன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1963 ஜூலையில் இத்தாலியின் நெடுஞ்சாலை நிறுவனமான ஆட்டோஸ்ட்ராடேவுக்காக, லண்டன் வங்கியாளர் சிக்மண்ட் வார்பர்க் ஒன்றரைக் கோடி டாலர் கடன் பத்திரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். யூரோபாண்டு என்று பின்னால் பெயர் பெற்ற வகையில் அதுவே முதலாவது. கடன் வாங்கியது இத்தாலிய நிறுவனம், நாணயம் அமெரிக்க டாலர், ஏற்பாடு செய்தது லண்டன். ஆனால் பிரிட்டனின் முத்திரைத் தீர்வையைத் தவிர்ப்பதற்காகப் பத்திரங்கள் முறைப்படி வழங்கப்பட்டது ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்ஹோல் விமான நிலையத்தில், வட்டிச் சீட்டைக் கொடுத்துப் பணம் பெறுவது லக்சம்பர்கில். ஒரே கடனுக்குள் இத்தனை நாட்டுச் சட்டங்களும் வரிகளும் பின்னிக் கிடந்தால், ஒரு நாட்டுச் சட்டம் மட்டும் தெரிந்த வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கைபிசைந்துகொண்டுதான் நிற்க வேண்டியிருக்கும்.

பணம் எல்லை தாண்டியபோது வக்கீல்களும் தாண்டினார்கள். சிகாகோவில் 1949இல் தொடங்கிய பேக்கர் மெக்கன்சி 1955இலேயே வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் கிளை திறந்தது. லண்டனில் கிளிஃபோர்ட் டர்னர், கவர்ட் சான்ஸ் என்ற இரண்டு நிறுவனங்கள் 1987இல் இணைந்து கிளிஃபோர்ட் சான்ஸ் ஆயின. 2024 மே மாதம் லண்டனின் ஆலன் அண்டு ஓவரியும் நியூயார்க்கின் ஷியர்மன் அண்டு ஸ்டெர்லிங்கும் ஒன்றாகச் சேர்ந்தன. இவை இணைவதற்கும் வளர்வதற்கும் அடிப்படையான ஒரு நடைமுறை உண்டு. ஜகார்த்தாவில் இருக்கும் கம்பெனிக்கு மும்பை வங்கி ஒன்று கடன் கொடுத்தாலும், ஒப்பந்தம் பெரும்பாலும் இங்கிலாந்துச் சட்டப்படியோ நியூயார்க் சட்டப்படியோதான் எழுதப்படுகிறது. இரு தரப்புக்கும் சொந்தமில்லாத அந்நியச் சட்டம் என்பதே அதற்கு ஒரு தகுதியாகிவிடுகிறது.

இதில் இந்தியாவுக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. பெரியப்பாவின் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் ஒளிந்திருந்தது. வொயிட் அண்டு கேஸ், சாட்போர்ன் அண்டு பார்க், ஆஷர்ஸ்ட் ஆகிய மூன்று அந்நிய நிறுவனங்கள் 1990களில் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று இந்தியாவில் தொடர்பு அலுவலகங்கள் வைத்தன. 2009 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த அனுமதிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தில் வாதாடுவது மட்டுமே வழக்குரைஞர் தொழில் ஆகாது, வெளியே அமர்ந்து ஒப்பந்தம் எழுதுவதும் ஆலோசனை சொல்வதும் அதே தொழில்தான், ஆகவே 1961ஆம் ஆண்டின் வழக்குரைஞர் சட்டப்படி இங்கே பதிவு பெறாதவர் எதையும் செய்யக்கூடாது என்பது அதன் சாரம். அடுத்து ஏ.கே. பாலாஜி என்ற வழக்குரைஞர் முப்பதுக்கும் மேற்பட்ட அந்நிய நிறுவனங்களை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2012 பிப்ரவரியில் வந்த சென்னைத் தீர்ப்பு, அந்நிய வக்கீல்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஆலோசனை சொல்ல வந்து போகலாம் என்று ஒரு சன்னலைத் திறந்துவைத்தது. 2018 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சன்னலை இன்னும் குறுக்கி, எப்போதாவது வந்து போவதில் தவறில்லை, அதையே வழக்கமாக்கிக்கொண்டால் அது தொழில் செய்வதாகும் என்றது. இந்திய வழக்குரைஞர் மன்றம் 2023 மார்ச்சில் விதிகள் வகுத்துக் கதவைக் கொஞ்சம் திறந்து, 2025 மே மாதம் அவற்றைத் திருத்தியதெல்லாம் நான் அந்த வேலையை விட்ட பிறகு நடந்தவை.

சுருங்கச் சொன்னால், ஒப்பந்தம் எழுதும் நானும் வக்கீல்தான் என்று மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பே எழுதியிருக்கிறது. நான் வக்கீல் என்பதால்தான் அந்த வேலையை இந்தியாவில் செய்ய முடியாமல் சிங்கப்பூரில் ‘இந்தியா டெஸ்க்’ என்ற பெயரில் உட்கார்ந்துகொண்டு செய்தேன். இதைப் பெரியப்பாவிடம் சொல்லியிருந்தால் மிகவும் ரசித்திருப்பார்.

லண்டன் நிறுவனங்களில் பயிற்சி இரண்டு ஆண்டுகள். ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவு என்று நான்கு பிரிவுகளில் சுற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ‘சீட்’ என்று பெயர். (ஊரில் சீட் என்றாலே மருத்துவக் கல்லூரி என்று நினைப்பார்கள், நான் நான்கு சீட் முடித்தேன் என்று அம்மா சொன்னபோது பக்கத்து வீட்டு மாமி மிரண்டுபோனார்.) 2021 செப்டம்பரில் புதிய தகுதித் தேர்வு வந்து பழைய பாதை மாறிவிட்டாலும், சீட் சுற்றும் வழக்கம் பெரிய நிறுவனங்களில் அப்படியே தொடர்கிறது.

என்னுடைய முதல் சீட் வங்கிக் கடன் பிரிவு. அங்கே பயிற்சியாளருக்குக் கிடைக்கும் வேலை ‘சிபி லிஸ்ட்’ என்ற அட்டவணையை மேய்ப்பது. கடன் தொகையை வங்கி விடுவிப்பதற்கு முன்னால் நிறைவேற வேண்டிய நிபந்தனைகளின் பட்டியல் அது. இயக்குநர் குழுத் தீர்மானம், கையெழுத்து மாதிரிகள், காப்பீட்டுச் சான்று, இந்தியச் சட்டம் பற்றி இந்திய நிறுவனம் தர வேண்டிய சட்டக் கருத்துரை என்று அறுபது எழுபது வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியாக விரட்டிப் பிடித்து, வந்த தாளைச் சரிபார்த்து, பச்சை நிறம் அடிக்க வேண்டும். பட்டப்படிப்பில் தங்கப் பதக்கம் வாங்கியவர்களும் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்களும், கையெழுத்துப் பக்கம் ஒன்றில் தேதி விட்டுப்போனதற்காக இரவு ஒரு மணிக்கு ஹைதராபாத்தில் இருக்கும் கம்பெனிச் செயலரை எழுப்பிக் கெஞ்சிக்கொண்டிருப்போம். பெரியப்பாவின் குமாஸ்தா இதைவிடக் கண்ணியமாக வேலை செய்தார் என்று அப்போது அடிக்கடி தோன்றியதுண்டு.

பயிற்சி முடிந்ததும் நான் தேர்ந்துகொண்டது விமான நிதிப் பிரிவு. விமான நிறுவனங்கள் ஓட்டும் விமானங்களில் பாதியாவது அவற்றுக்குச் சொந்தமானவை என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இந்திய நிறுவனங்களைப் பொறுத்தவரை பெரும்பாலானவை வாடகை விமானங்கள். சொந்தக்காரர் பல நேரங்களில் அயர்லாந்தில் பதிவான ஒரு கம்பெனி. 1975இல் ஷானன் நகரில் தொடங்கிய கின்னஸ் பீட் ஏவியேஷன் என்ற நிறுவனம் விதைத்தது இன்று அயர்லாந்தின் முக்கியமான தொழில்களில் ஒன்றாகிவிட்டது. உலகெங்கும் உள்ள விமானங்களின் மேல் யாருக்கு என்ன பாத்தியதை என்று பதியும் பன்னாட்டுப் பதிவேட்டை நடத்தும் அமைப்பும் டப்ளினில்தான் இருக்கிறது.

ஒரு விமானம் கைமாறும் தருணத்தை மட்டும் கிட்டத்தில் நின்று காட்டுகிறேன். விற்பவர் ஒரு நாட்டில், வாங்குபவர் ஒரு நாட்டில், கடன் தரும் வங்கி மூன்றாவது நாட்டில். விமானம் எந்த நாட்டு மண்ணில் நிற்கும்போது உரிமை மாறுகிறதோ அந்த நாடு விற்பனை வரி கேட்கலாம். ஆகவே சில நேரங்களில் அது பறந்துகொண்டிருக்கும்போது, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலுக்கு மேல் வைத்துக் கிரயம் செய்வார்கள். அன்றைக்குச் சிங்கப்பூரில் மாலை ஏழு மணி இருக்கும். தொலைபேசி இணைப்பில் நான்கு நாடுகளிலிருந்து பதினான்கு பேர். விமான நிறுவனத்தின் இயக்கக் கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஒரு பெண் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வாசித்தார். கரையிலிருந்து 12 கடல் மைலைத் தாண்டி வங்காள விரிகுடாவுக்கு மேல் அது வந்துவிட்டதை வரைபடத்தில் நான் சரிபார்த்துச் சொன்னேன். வங்கி “பணம் விடுவிக்கப்பட்டது” என்றது. விற்பவரின் வக்கீல் “கிரயப் பத்திரம் விடுவிக்கப்பட்டது” என்றார். நான் பத்திரத்தில் நேரத்தை எழுதினேன். உள்ளே இருந்த நூற்றைம்பது பயணிகளுக்குத் தங்கள் காலுக்குக் கீழே சொந்தக்காரர் மாறிவிட்டது தெரியாது. அந்நேரம் அவர்களுக்கு உணவு பரிமாறிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அந்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது இந்தக் கதையைவிடப் பெரியப்பாவை அதிகம் ஈர்த்தது, கூடவே வாங்கிவைத்த ஒரு பத்திரம்தான். 2001ஆம் ஆண்டின் கேப் டவுன் உடன்படிக்கைப்படி, வாடகைக்கு எடுக்கும் நிறுவனம் சொந்தக்காரருக்கு ஓர் அதிகாரப் பத்திரம் கையெழுத்திட்டுத் தரும். வாடகை கட்டத் தவறினால், விமானத்தை அந்த நாட்டின் பதிவேட்டிலிருந்து நீக்கி வெளியே கொண்டுபோகும் உரிமை அதன்மூலம் சொந்தக்காரருக்குக் கிடைக்கிறது. எழுதிக் கொடுத்தவர் தானாக அதைத் திரும்பப் பெற முடியாது. “விமானத்துக்குப் பவர் பத்திரம் மாதிரி பெரியப்பா” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நொடி யோசித்தார். “பவர் கொடுத்தவன் மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்னா?” என்றார். பிறகு அவரே, “ஒப்பந்தச் சட்டம் 202ஐப் பாரு, ஏஜென்ட்டுக்கே பொருள்ல பாத்தியதை இருந்தா பவரை ரத்து பண்ண முடியாது, ஆனா திவாலுக்குன்னு தனிச் சட்டம் இருக்குல்லா, அது இதுக்கு மேல ஏறி உக்காந்துக்கிடும்” என்றார்.

விமானத்தில் ஒரே ஒருமுறை பயணம் செய்திருந்த மனிதர் சொன்ன அந்த இடம்தான் பின்னால் வெடித்தது. கோ ஃபர்ஸ்ட் என்ற இந்திய விமான நிறுவனம் 2023 மே 2 அன்று திவால் மனு போட்டது; மே 10 அன்று அது ஏற்கப்பட்டதும் சொத்துகளை யாரும் தொடக்கூடாது என்ற தடைக்காலம் வந்துவிட்டது. வாடகைக்கு விட்டவர்கள் தங்கள் சொந்த விமானங்களின் அருகேகூடப் போக முடியவில்லை. 2023 அக்டோபர் 3 அன்று மத்திய அரசு விமானங்களுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்களித்து அறிவிக்கை வெளியிட்டது. ஆனாலும் 2024 ஏப்ரல் 26 அன்று தில்லி உயர் நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை நீக்கும்படி உத்தரவிடும்வரை அவை ஏறக்குறைய ஓராண்டு வெயிலில் கிடந்தன. கேப் டவுன் உடன்படிக்கையில் இந்தியா 2008இலேயே சேர்ந்துவிட்டது. அதற்கான முழுமையான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2025இல்தான். ஒப்பந்தம் எழுதும் வக்கீலின் வேலை என்னவென்று இந்தக் கதையைத் தவிர வேறெதைக் கொண்டும் என்னால் விளக்க முடிந்ததில்லை. பெரியப்பா சண்டை வந்த பிறகு உள்ளே நுழைவார். நாங்களோ, கட்சிக்காரர்கள் எல்லாரும் சிரித்துக் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போதே, இவர்கள் நாளை எந்த இடத்தில் அடித்துக்கொள்வார்கள் என்று யோசித்து எழுதுகிறோம்.

கடன் பத்திரப் பிரிவிலும் இதே விளையாட்டுதான், பந்தயத் தொகை மட்டும் ஒரு நாட்டின் அளவுக்கு. இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தபோது, ஏறத்தாழ 1,255 கோடி டாலர் இறையாண்மைப் பத்திரங்கள் நிலுவையில் இருந்தன. எழுதியவர் கொழும்பு அரசு என்றாலும் பத்திரங்களை ஆளும் சட்டம் நியூயார்க்குடையது. அரசு தரப்புக்குச் சட்ட ஆலோசகராகக் கிளிஃபோர்ட் சான்ஸ் வந்தது. பெரிய பத்திரதாரர்களின் குழுவுக்கு வொயிட் அண்டு கேஸ். இரண்டரை ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின் 2024 டிசம்பரில்தான் பழைய பத்திரங்களைப் புதியவற்றுக்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு முடிந்தது.

அதற்குள் ஓர் உபகதை உண்டு. செயின்ட் கிட்ஸ் அண்டு நெவிஸ் தீவுகளைச் சேர்ந்த ஹாமில்டன் ரிசர்வ் வங்கி, 2022 ஜூலையில் முதிர வேண்டிய 100 கோடி டாலர் பத்திரத்தில் 25 கோடிக்கும் மேல் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, ஜூன் மாதமே நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. கால்பங்குக்குமேல் கையில் வைத்திருப்பதில் ஒரு சூட்சுமம் இருந்தது. அந்தப் பழைய பத்திரத்தின் விதிப்படி, அந்த ஒரு வெளியீட்டில் முக்கால் பங்கினர் ஒப்புக்கொண்டால்தான் மீதிப் பேரையும் கட்டுப்படுத்தலாம். கால்பங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டால் யாராலும் அசைக்க முடியாது. வேறு வேறு வெளியீடுகளின் வாக்குகளைச் சேர்த்து எண்ணும் விதி பின்னால் வந்த பத்திரங்களில்தான் இடம்பெற்றது. பத்தாண்டுக்கு முன்னால் யாரோ ஒரு அசோசியேட், அதாவது இளநிலை வக்கீல், பழைய படிவத்திலிருந்து வெட்டி ஒட்டிய பத்தி ஒன்று, எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மக்களின் அரசைப் பல கடல் தாண்டிய நீதிமன்றத்துக்கு இழுத்தது. இதை நினைக்கும்போதெல்லாம், படிவத்தை வாசிக்காமல் அனுப்பிய என் பழைய இரவுகளை நினைத்து வயிற்றைக் கலக்கும்.

கம்பெனிகளை வாங்கி விற்கும் பிரிவைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள்; செய்தித்தாளில் பெயர் வருவது அவர்களுடையதுதான். அவர்களைச் சுற்றி வரித் துறை, தொழிலாளர் சட்டம், அறிவுசார் சொத்து, போட்டிச் சட்டம் என்று சிறிய குழுக்கள் கோள்களைப் போலச் சுழலும். பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்திருக்கும் போட்டிச் சட்டக்காரர்களை மட்டும் அலட்சியப்படுத்த முடியாது. இரண்டு அமெரிக்க நிறுவனங்களான ஜெனரல் எலெக்ட்ரிக்கும் ஹனிவெல்லும் இணைவதை அமெரிக்க அரசு ஒப்புக்கொண்ட பிறகும் 2001இல் ஐரோப்பிய ஆணையம் தடுத்துவிட்டது. அதன்பின் பெரிய டீல் எதையும் அந்தக் குழுவைக் கேட்காமல் யாரும் தொடுவதில்லை.

பெரியப்பா தன் சாதி என்று ஒப்புக்கொண்டிருக்கக்கூடிய ஒரே கூட்டம், நீதிமன்றத்துக்குப் பதிலாக இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் தீர்ப்பாயங்களில் வாதாடும் ஆர்பிட்ரேஷன் பிரிவினர். சிங்கப்பூரில் அவர்களுடைய களம் மேக்ஸ்வெல் சேம்பர்ஸ். பழைய சுங்கத் துறைக் கட்டடம், உணவுக் கடைகளுக்கு நடக்கும் தூரம். மூன்று நடுவர்கள், இரு தரப்புக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்த மணித்துளிகள், சதுரங்க ஆட்டத்தைப் போல ஓடும் கடிகாரம். சாட்சியிடம் ஒரு கேள்வியை நீட்டி முழக்கினால் அது உங்கள் கணக்கில் கழியும். பேசிய சொல் அடுத்த நொடியே எழுத்தாகத் திரையில் வந்து விழும். ஒரே ஒரு நாள் நான் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்ததில், வாய்தா என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை என்பதுதான் பெரிய அதிசயமாகப் பட்டது.

ஆனால் தீர்ப்பு கிடைப்பது வேறு, கிடைத்ததை நிறைவேற்றுவது வேறு. 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருப்பதால் ஒரு நாட்டில் வழங்கிய தீர்ப்பை வேறு நாட்டில் நிறைவேற்றலாம் என்பது ஏட்டில் உள்ள நம்பிக்கை. அமேசானுக்கும் ஃப்யூச்சர் குழுமத்துக்கும் நடந்த தகராறில், சிங்கப்பூர் பன்னாட்டு நடுவர் மையத்தின் விதிப்படி நியமிக்கப்பட்ட அவசரகால நடுவர் 2020 அக்டோபரில் ஃப்யூச்சரின் கடைகளை ரிலையன்ஸுக்கு விற்பதை நிறுத்திவைத்தார். அந்த உத்தரவு இந்தியாவில் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பும் சொன்னது. ஆனால் 2022 பிப்ரவரியில் பல கடைகளின் வாடகை உரிமை ரிலையன்ஸ் கைக்குப் போய், பெயர்ப் பலகைகள் மாறத் தொடங்கிவிட்டன. டிக்ரி வாங்கிய பிறகும் அமீனாவோடு அலைந்த பெரியப்பாவின் கட்சிக்காரர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது.

நான் ஒரு நீதிமன்றத்துக்குள் வேலையாகச் சென்றது பயிற்சிக் காலத்தில் ஒரே ஒருமுறை, அதுவும் ஊதியமில்லா வழக்கு ஒன்றுக்காக. கரீபியத் தீவுகள் சிலவற்றுக்கு இன்றும் இறுதி மேல்முறையீடு லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலின் நீதிக் குழுவிடம்தான். மரண தண்டனைக் கைதிகளுக்காக லண்டன் வக்கீல்கள் பல பத்தாண்டுகளாகக் கட்டணம் வாங்காமல் ஆஜராகிறார்கள். ஐந்தாண்டுக்குமேல் தூக்குக்காகக் காத்திருக்க வைப்பதே மனிதத்தன்மையற்ற தண்டனை என்று 1993இல் பிராட், மார்கன் வழக்கில் வந்த தீர்ப்பு அந்த வழியில் கிடைத்ததுதான். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, ஒரு கைதியின் விசாரணைக் காகிதங்கள் அடங்கிய இரண்டு அட்டைப் பெட்டிகளைத் தேதிவாரியாக அடுக்குவது. அதில் ஒரு சாட்சியின் கைப்பட எழுதிய வாக்குமூலத்தின் ஓரத்தில் காபிக் கோப்பையின் வட்டக் கறை இருந்தது. அந்த ஆறு மாதத்தில் நான் கையாண்ட எந்த ஒப்பந்தமும் நினைவில் இல்லை. அந்தக் கறை இருக்கிறது.

இனி, வாழ்க்கைப் பாதை. பயிற்சி முடிந்தால் அசோசியேட், சில ஆண்டுகளில் சீனியர் அசோசியேட், பிறகு கவுன்சல் அல்லது பார்ட்னர் என்று படிகள் மேலே போவது போலப் படத்தில் காட்டுவார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கில் பால் கிராவத் வகுத்த முறையின் எச்சம் இது. நல்ல கல்லூரிகளிலிருந்து ஆட்களை நிறைய எடுத்து, நன்றாகப் பயிற்றுவித்து, மேலே ஏறாதவர்களை வெளியே அனுப்பிவிடுவது. எங்கள் அலுவலகத்தில் என்னோடு சேர்ந்தவர்களில் பார்ட்னர் ஆனவர் ஒருவர். அதைத் தோல்விக் கதையாகப் பார்ப்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் பிழை. இந்த நிறுவனங்கள் ஆட்களைப் பிடித்துவைப்பதைவிட அதிகமாக உலகத்துக்கு அனுப்பிவைக்கின்றன. கிறிஸ்டீன் லகார்ட் 1981இல் பேக்கர் மெக்கன்சியின் பாரிஸ் அலுவலகத்தில் தொழிலாளர் சட்டமும் போட்டிச் சட்டமும் பார்க்கச் சேர்ந்து, 1999இல் அந்நிறுவனத்தின் முதல் பெண் தலைவராகி, பிறகு பிரான்ஸின் அமைச்சராக, பன்னாட்டு நிதியத்தின் தலைவராக, 2019 முதல் ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவராக இருக்கிறார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். என்னோடு பயிற்சி பெற்றவர்களில் ஒருத்தி கப்பல் காப்பீட்டில் இருக்கிறாள். ஒருவன் சட்டம் கற்பிக்கிறான். இன்னொருத்தி அதே நிறுவனத்திலேயே ‘நாலெட்ஜ் லாயர்’ ஆகிவிட்டாள். எந்தக் கட்சிக்காரரையும் பார்க்காமல், படிவங்களைப் புதுப்பிப்பதும் புதிய தீர்ப்புகளை அலசி மற்றவர்களுக்கு எழுதித் தருவதும் அவள் வேலை. இலங்கைப் பத்திரக் கதையைச் சொன்னபோது, “அந்தப் பத்தியைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்” என்றாள். இந்தத் தொழிலில் மிகவும் குறைவாக மதிக்கப்படும் பதவி அதுவென்றும், ஆனால் மகிழ்ச்சியாக இருப்பவர்கள் அங்கேதான் அதிகம் என்றும் எனக்கு ஒரு கருத்து உண்டு.

ஆகவே, எந்த ஏரியா நல்லது என்று கேட்ட பிள்ளைக்கு என் பதில், உன் சுபாவத்தைப் பார் என்பதுதான். நாளை மறுநாள் முடிந்துவிடும் காய்ச்சல் வேகம் பிடிக்குமானால் கம்பெனி விற்பனை. மூன்று ஆண்டு ஒரே வழக்கோடு குடியிருக்க முடியுமானால் ஆர்பிட்ரேஷன். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள் வேண்டுமானால் விமானம், கப்பல், மின்நிலையம். வரி என்பது தனி மதம், அழைப்பு வந்தவர்கள் மட்டும் போகலாம். சம்பளம் முதல் ஆறேழு ஆண்டுகளுக்கு எல்லாப் பிரிவிலும் ஒன்றுதான்.

எல்லாப் பிரிவையும் ஒன்றாக்கும் இன்னொன்று டைம்ஷீட். ஒரு மணி நேரத்தைப் பத்தாக வெட்டி, ஆறு நிமிடம் ஒரு யூனிட் என்று வைத்து, ஒவ்வொரு யூனிட்டிலும் யாருக்காக என்ன செய்தாய் என்று எழுத வேண்டும். எட்டு ஆண்டுகள் அதை எழுதியதில், குளிக்கும் நேரத்தைக்கூட இரண்டு யூனிட் என்று மனம் கணக்கிட ஆரம்பித்துவிட்டது. நான் வெளியேறியதற்குச் சொன்ன காரணங்கள் பல. உண்மையான காரணம் அதுதான்.

இப்போது ஒரு வங்கியின் சட்டப் பிரிவில் இருக்கிறேன். வெளி நிறுவனங்களின் பில்களைச் சரிபார்ப்பதும் என் பொறுப்பு. ஒரு காலத்தில் நான் எழுதிய அதே வரிகள், அதே நடையில், வேறு பெயர்களோடு மாதந்தோறும் வருகின்றன. சென்ற ஜனவரி பில்லில் ஒரு வரி: “கட்சிக்காரரின் மின்னஞ்சலைப் பரிசீலித்தல், 1 யூனிட்.” தேதியை வைத்துத் தேடிப் பார்த்தேன். பொங்கல் வாழ்த்துச் சொல்லி, மற்றதை விடுமுறைக்குப் பின் பேசிக்கொள்ளலாம் என்று நான் அனுப்பிய இரண்டு வரி அது. சிவப்பு மையால் அடித்து அனுப்பினேன். அந்த வரியை எழுதிய அசோசியேட் மறுவாரம் மன்னிப்புக் கேட்டு அழைத்தாள். பேசி முடிக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, எங்கள் பிரிவில் இடம் ஏதாவது காலியாகப் போகிறதா என்று கேட்டாள்.